டீசல் மலிவுதான், பேரலின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கச்சா எண்ணெய் விலை சரிகிறது, டீசல் இன்னும் இறங்கும் என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வந்த அன்றே எனக்குத் தெரிந்த மூன்று பேர் போன் செய்து காலி பேரல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு டிராக்டர், ஒருவருக்கு லாரி, மூன்றாமவருக்கு ஜெனரேட்டர். மூன்று பேரும் எவ்வளவு வாங்கலாம் என்றுதான் கேட்டார்களே தவிர, வாங்கியதை எங்கே வைப்பது, எத்தனை நாள் வைக்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, சில வருடங்களுக்கு முன்னால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். செய்தி போட்டது சரி, அதன் மறுபாதியையும் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மரப்பட்டறை வைத்திருப்பவன். கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான். இதே மாதிரி விலை இறங்கிய ஒரு சமயம், ஆசைப்பட்டு 200 லிட்டர் பேரல் மூன்று வாங்கி நிரப்பி, பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில் வரிசையாக நிற்க வைத்தேன். முதல் பேரல் நாலு மாதத்தில் தீர்ந்தது, ஒரு குறையும் இல்லை. இரண்டாவதும் எப்படியோ ஓடிவிட்டது. மூன்றாவதைத் திறக்கும்போது வருடம் ஒன்றாவது தாண்டியிருக்கும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், அப்புறம் மூச்சுத் திணறுவது போல இருமி இருமி நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, சளி மாதிரி ஏதோ அப்பிக் கிடக்கிறது. புது ஃபில்டர் போட்டேன், மறுநாளே அதே கதை.

மெக்கானிக் வந்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. ஒரு கண்ணாடி பாட்டில் கேட்டார், கை பம்பின் குழாயைப் பேரலின் அடிவரைக்கும் இறக்கி கொஞ்சம் எடுத்து அந்தப் பாட்டிலில் ஊற்றி மேசை மேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாட்டிலில் மூன்று அடுக்கு. அடியில் கலங்கிய தண்ணீர், மேலே பழுப்பேறின டீசல், இரண்டுக்கும் நடுவில் கிழிந்த வலை மாதிரி ஒரு கறுப்புப் படலம், பாட்டிலைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்து ஆடுகிறது. "இது எப்போ வாங்கினது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, பேரலில் தேதியே எழுதி வைக்கவில்லையே.

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, பிறகு தண்ணீர் எப்படி உள்ளே போனது? இதுதான் எனக்குப் புரியவே நாளான விஷயம். இரும்புப் பேரலின் மேல்பக்கத்தைப் பாருங்கள், சுற்றிலும் விளிம்பு உயர்ந்து நடுவில் தட்டு மாதிரிப் பள்ளமாக இருக்கும், மூடிகள் இரண்டும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி மூடி முங்கிவிடும். பகல் வெயிலில் பேரல் சூடாகி உள்ளே இருக்கும் காற்றும் டீசலும் விரிந்து மூடியின் மரை வழியாகக் கொஞ்சம் காற்றை வெளியே தள்ளும், இரவு குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து வெளியிலிருந்து உறிஞ்சும். அப்போது மூடியின் மேல் காற்று இருந்தால் காற்று போகும், தண்ணீர் நின்றால் தண்ணீர்தான் போகும். தினம் சில சொட்டுதான், ஆனால் வருடத்துக்கு எத்தனை இரவு! அதனால்தான் வெளியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பேரலைப் படுக்கப் போட்டு, இரண்டு மூடியும் கடிகாரத்தில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடங்களில் வருகிற மாதிரி உருட்டி வைப்பார்கள். அப்படி வைத்தால் பேரல் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும்வரை மூடிகள் டீசலுக்குள் முங்கியே இருக்கும், வெளிக்காற்றோடு உறவே இல்லை. படுக்க வைக்க இடமில்லை என்றால் அடியில் ஒரு பக்கம் மட்டும் கட்டை கொடுத்துச் சாய்த்து, தண்ணீர் மூடிப் பக்கம் தேங்காமல் வடிகிற மாதிரி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது கூரைக்குக் கீழே வைப்பது. நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

மழை மட்டும் காரணம் இல்லை. பாதி காலியான பேரலில் மீதிப் பாதி காற்று, அந்தக் காற்றில் ஈரம், இரவில் அது உள்சுவரில் வியர்த்து வடியும். டீசல் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் ஏறக்குறைய 830 கிராம்தான் இருக்கும், அதனால் தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடித்தனம் நடத்துகின்றன. குடிக்கத் தண்ணீர் கீழே, தின்ன டீசல் மேலே, அவற்றுக்கு வேறென்ன வேண்டும். உலகம் முழுக்க எரிபொருள் டேங்குகளில் பேர் போன ஒரு பூஞ்சைக்கு ஹார்மோகோனிஸ் ரெசினே என்று பெயர், விமான எரிபொருள் டேங்கில்கூட அது வளரும். இவை விடுகிற அமிலம் இரும்பை அரிக்கும், இவற்றின் சளிதான் ஃபில்டரை அடைக்கும். பேரலைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வாடையைக் கிளப்புகிற வகை பாக்டீரியா உள்ளே வந்து நாளாகிவிட்டது.

கிருமியைக் கொல்ல மருந்து விற்கிறார்கள், உண்மைதான், கொல்லவும் செய்யும். ஆனால் செத்ததும் அந்தப் பிணமெல்லாம் பேரலுக்குள்ளேதானே கிடக்கும், ஃபில்டருக்கு உயிரோடு இருப்பதும் செத்ததும் ஒன்றுதான். அடித்தண்ணீரை வடித்து, கசடை எடுத்து, பேரலைச் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் ஊற்றுவது வீண். அதேபோல டீசல் கெடாமலிருக்க ஊற்றுகிற ஸ்டெபிலைசர் என்ற சாமானும் புது டீசலில் முதல் நாளே கலந்தால்தான் பயன், பழுப்பேறின பழைய டீசலை அது திரும்பப் புதுசாக்காது. சிலர் துணியில் வடிகட்டினால் போதும் என்பார்கள். துணி தூசியைப் பிடிக்கும், தண்ணீரையும் சளியையும் வழிவிட்டு அனுப்பிவைக்கும்.

எத்தனை நாள் வைக்கலாம்? தண்ணீர் இல்லாமல், நிழலில், 20 டிகிரி பக்கத்தில் சுத்தமாக வைத்தால் ஒரு வருடம் தாராளமாகத் தாங்கும். 30 டிகிரிக்கு மேல் தினமும் காய்கிற இடத்தில் ஆறு மாதம் தாண்டினாலே கண் வைத்துக்கொள்ள வேண்டும். டீசல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாகப் பிசினாகிக்கொண்டே இருக்கும், சூடு அதை விரட்டிவிடும். இதில் இன்னொரு சங்கதி, இப்போது வருகிற டீசல் பழைய டீசல் இல்லை. கந்தகத்தை எடுத்துவிட்டார்கள், ஐரோப்பாவில் 2009 முதல் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குதான் உச்ச வரம்பு, பல நாடுகள் அதையே பின்பற்றுகின்றன. காற்றுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. கூடவே தாவர எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கிறார்கள், ஐரோப்பாவில் வழக்கமாக 7 சதவீதம் வரை, இந்தோனேசியாவில் 2025-ல் அதை 40 சதவீதம் ஆக்கினார்கள். பயோடீசல் சாதா டீசலைவிட ஈரத்தை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிகளுக்கும் அது எளிதில் செரிக்கும். போதாக்குறைக்கு பழைய டேங்கின் அடியில் வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் முகமை 42 நிலத்தடி டீசல் டேங்குகளை ஆராய்ந்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது, அதில் 83 சதவீத டேங்குகளின் உலோகப் பாகங்களில் நடுத்தரமாகவோ கடுமையாகவோ அரிப்பு இருந்தது. பராமரிக்க ஆள் இருக்கிற டேங்குகளுக்கே அந்தக் கதி. "எங்கள் அப்பா காலத்தில் மூன்று வருடம் வைத்திருந்தோம்" என்பவர்களுக்கு நான் சொல்வது, அப்பா வைத்திருந்தது வேறு டீசல், ஓட்டியதும் வேறு இன்ஜின். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். இப்போதைய காமன் ரயில் இன்ஜினில், அதாவது ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து எல்லா சிலிண்டருக்கும் அனுப்புகிற வகையில், 2000 பாருக்கு மேல்கூட அழுத்தம் போகும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதில் தண்ணீர் போனால் ஃபில்டரோடு முடியாது, இன்ஜெக்டர் செட்டையே மாற்ற வேண்டி வரும்.

இனி கணக்கு. பணத்தில் போடாமல் லிட்டரிலேயே போடுகிறேன், எல்லோருக்கும் பொருந்தும். விலை 10 சதவீதம் இறங்கியிருக்கும்போது 200 லிட்டர் வாங்கி, விலை பழையபடி ஏறின பிறகு பயன்படுத்தினால் உங்களுக்கு மிச்சம் 20 லிட்டரின் விலை. அவ்வளவுதான். இதிலிருந்து பேரலின் விலையைக் கழியுங்கள், கை பம்பைக் கழியுங்கள், ஏற்றி இறக்கிய கூலியைக் கழியுங்கள். எனக்கு மூன்றாவது பேரலில் அடியிலிருந்து 15 லிட்டருக்கு மேல் எதற்கும் உதவாமல் போனது, அதைக் கொட்டவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் பட்ட பாடு தனி. நாலு ஃபில்டர், மெக்கானிக் கூலி, இரண்டு நாள் வேலை நின்றது. மூன்று பேரலிலும் மிச்சம் பிடித்ததை அந்த ஒரு பேரல் தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

"இன்னும் இறங்கும்" என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கீழ்மட்டம் எது என்று இதுவரை யாரும் முன்கூட்டிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, அதே டிசம்பரில் 40-க்கும் கீழே. நடுவில் 100 டாலர் ஆனபோது மலிவு என்று நினைத்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ. 2014 ஜூனில் 110-க்கு மேல் இருந்தது 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே வந்தது, அந்தச் சரிவு ஒன்றரை வருடம் நீடித்தது, பேரல் டீசல் அவ்வளவு நாள் காத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேல் 2020 ஏப்ரல் 20. அன்று டபிள்யூடிஐ என்ற அமெரிக்கக் கச்சா எண்ணெய் வகையை மே மாதத்தில் எடுத்துக்கொள்வதற்கான ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது எண்ணெயையும் கொடுத்துப் பணத்தையும் கொடுத்து எடுத்துக்கொண்டு போ என்கிற நிலை. காரணம் ஊரடங்கில் தேவை படுத்துவிட்டது, ஓக்லஹோமாவின் குஷிங்கில் இருக்கிற சேமிப்பு டேங்குகளில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். எண்ணெய்க்கு மதிப்பில்லை, வைக்கிற இடத்துக்குத்தான் மதிப்பு. பெரிய முதலாளிகளே இடம் இல்லாமல் தவித்த கதை அது. நாம் பின்கட்டில் இடம் இருக்கிறது என்பதற்காகவே வாங்குகிறோம், அந்த இடம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இன்னொன்று, கச்சா எண்ணெய் பாதியாக இறங்கினாலும் பெட்ரோல் பங்கில் டீசல் பாதியாக இறங்காது, வரியும் சுத்திகரிப்புச் செலவும் அப்படியே நிற்கும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். துத்தநாகப் பூச்சு போட்ட ஜி.ஐ. டேங்கில் வைக்காதீர்கள், செம்பு, பித்தளைக் குழாயும் வேண்டாம், இந்த உலோகங்கள் டீசலோடு வினை செய்து அதைச் சீக்கிரம் கெடுத்து அடைப்பு உண்டாக்கும். எரிபொருளுக்கென்றே செய்த பிளாஸ்டிக் கேனோ, உள்ளே சுத்தமான சாதா இரும்புப் பேரலோ போதும். தண்ணீர் கேன், எண்ணெய் டப்பா எல்லாம் வேலைக்கு ஆகாது. காற்று இருந்தால் வியர்க்கும் என்றேன், அதற்காக விளிம்புவரை நிரப்பிவிடாதீர்கள். 200 லிட்டர் டீசல் 25 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் நாலு லிட்டர் அளவுக்கு விரியும், அது போக இடம் வேண்டும், 95 சதவீதம் நிரப்பினால் சரி. பம்புக் குழாய் அடியைத் தொடக்கூடாது, நாலு விரல் உயரம் மேலே நிற்கட்டும். மாதம் ஒருமுறை அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பளிச்சென்று இருந்தால் நல்லது, பனி மூட்டம் போல் இருந்தால் தண்ணீர். குச்சியின் நுனியில் தடவி இறக்கினால் தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறுகிற பசையும் கிடைக்கிறது. பேரலின் மேல் வாங்கின தேதியைப் பெயின்டில் எழுதுங்கள், சாக்பீஸ் வேண்டாம், முதல் மழையிலேயே போய்விடும். பழையது தீராமல் புதியதைத் திறக்காதீர்கள், பழையதன் மேல் புதியதை ஊற்றவே ஊற்றாதீர்கள், கிருமிக்குப் புதுச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும். குளிர் நாடுகளில் இருக்கிற நம் வாசகர்களுக்கு ஒன்று, கோடையில் விற்கிற டீசல் வேறு, குளிர்காலத்தில் விற்கிற டீசல் வேறு. கோடையில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி வைத்தால் உறைபனியில் மெழுகு கட்டி ஃபில்டரில் நின்றுவிடும், வண்டி நகராது.

தீ விஷயத்தில் டீசல் பெட்ரோல் மாதிரி இல்லை என்பது உண்மை. பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும், டீசலுக்குப் பொதுவாக 50 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்தத் தைரியத்தில்தான் மாடிப்படிக்குக் கீழே வைக்கிறார்கள். ஆனால் அதே டீசல் துணியிலோ மரத்தூளிலோ ஊறினால் விளக்குத் திரி மாதிரி ஆகிவிடும், ஒரு பொறி போதும். என் பட்டறையில் சிந்திய டீசலை மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு அந்தத் தூளை மூலையிலேயே குவித்து வைத்திருந்தேன், வெல்டிங் செய்ய வந்தவர் பார்த்துவிட்டுக் கத்தினார், கத்தியது நல்லதாயிற்று. பெட்ரோல் இருந்த கேனில் டீசல் ஊற்றுவதும் ஆபத்து, மிச்சமிருக்கிற கொஞ்சம் பெட்ரோலே அதைப் பெட்ரோல் மாதிரி பற்ற வைத்துவிடும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல், பவுடர் அல்லது நுரைக் கருவிதான். எத்தனை லிட்டர் வரை அனுமதி என்பது இடத்துக்கு இடம் மாறும், வாங்குவதற்கு முன்னால் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள், காப்பீடு இருந்தால் அந்தப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள். அப்புறம் தயவுசெய்து ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போகிற சில மில்லி டீசல்தான் ஆளைச் சாய்க்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், வாந்தி எடுக்கும்போதுதான் அது மூச்சுக்குழாயில் ஏறும். ஒரு கை பம்ப் வாங்கத் தயங்கித்தான் பலர் இந்த வேலை செய்கிறார்கள்.

சேமிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளில் வைக்கிறார்கள், அமெரிக்காவின் அணுமின் நிலையங்களில் அவசர ஜெனரேட்டர்களுக்கு 7 நாள் ஓடுகிற அளவு டீசல் வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே 31 நாளுக்கு ஒருமுறை அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கும் வேலையும் விதியாகவே இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பது விலைக்காக இல்லை, கரண்ட் போனால் வேண்டும் என்பதற்காக. விலைக்காக வைக்கிற நமக்கு அளவு ஒன்றே ஒன்றுதான், மூன்று மாதத்தில் நாம் உண்மையிலேயே எரிக்கிற லிட்டர் எவ்வளவு என்பது. அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு லிட்டரும் பூஞ்சைக்கு.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விலை சரிவுச் செய்தி போடும்போது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, பேரலை எப்படி வைப்பது, எத்தனை மாதம் தாங்கும் என்று நாலு வரி போடுங்கள். போன் செய்த மூன்று பேரில் லாரிக்காரர் நான் சொன்னதைக் கேட்டு ஒரு பேரலோடு நிறுத்திக்கொண்டார். டிராக்டர்காரர் கேட்கவில்லை, ஐந்து பேரல் வாங்கிவிட்டார். வெளியில்தான் நிற்கின்றன, அதுவும் நின்ற வாக்கில். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவற்றைப் படுக்க வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜெனரேட்டர்காரர் மறுபடி போன் செய்யவே இல்லை.

இப்படிக்கு,
மரப்பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்